முகம் மறக்கும் சர்வரும் காலண்டர் ஏஜெண்டுகளும்

எனக்குப் போன் பேச வராது. நேரில் பேசவே வராது, போனில் எங்கே வரும்? அப்படிப்பட்ட என்னை சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் ஆர்டர் எடுக்கும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். பிளஸ் டூ வரை படித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். வேலைக்குக் கேட்டுப் போன அன்று முதலாளி ஒரு தாளைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னாரே தவிர, பேசிக் காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே விருதுநகர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்திருப்பேன்.

எங்கள் தொழிலில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து ஏஜெண்டுகள் அந்தக் கனமான ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பார்கள். பிடித்ததைப் போனில் என்னிடம் சொல்வார்கள். எந்தப் படம், எந்த அளவு, எத்தனை காலண்டர், அட்டையில் அச்சாக வேண்டிய கடைப் பெயர், விலாசம், ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்கிற வரி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

எழுதிக்கொண்டே நான் “ம்” என்பேன். அது அவர்களுக்குக் கேட்காது.

“தங்கச்சி, லைன்ல இருக்கீகளா?”

“இருக்கேன்” என்பேன். அதுவும் கேட்காது.

“ஏலே, லைன் கட்டாயிருச்சுலே” என்று பக்கத்தில் இருக்கும் யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அடுத்த நிமிடம் மறுபடி மணி அடிக்கும். சீசன் முழுக்க இதே கதைதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பேசாமலே தொண்டை கட்டியிருக்கும்.

பிராட்பேண்ட் இணைப்பு எங்கள் பக்கம் வந்த புதிதில், முதலாளி சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே யாரோ வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பஸ் டிக்கெட் எடுத்ததைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு, நம் ஏஜெண்டுகளும் இப்படியே ஆர்டர் போடட்டும் என்று மதுரையில் ஒரு கம்பெனியைப் பிடித்து வெப்சைட் செய்யச் சொன்னார். எனக்கு யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஏஜெண்டுகள் அவர்களே அடிப்பார்கள். நான் திரையில் பார்த்து அச்சுக்கு அனுப்பினால் போதும். யாரும் யாருடனும் பேச வேண்டாம்.

அதைச் செய்துகொடுக்க வந்தவள் ஒரு மதுரைப் பெண். படிப்பை முடித்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். நான் ஒரு வாரத்தில் பேசுவதை அவள் ஒரு டீ குடிப்பதற்குள் பேசிவிடுவாள். முதலாளிக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டும்.

“பேரும் பாஸ்வேர்டும் கொடுத்துத்தானம்மா உள்ள வாராக. அப்புறம் என்ன டோக்கன்?” என்று கேட்டார்.

“சர்வருக்கு முகம் ஞாபகம் இருக்காது சார்” என்றாள் அவள். “நீங்க உள்ள வந்து அடுத்த பக்கத்தை அமுக்குனதுமே அதுக்கு நீங்க யாரோ எவரோ. அதனால, முதல்ல உள்ள விடும்போதே ஒரு டோக்கன் கொடுத்துரும். எழுத்தும் நம்பருமா கலந்து நீளமா இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. உங்க கம்ப்யூட்டர் அதைப் பத்திரமா வச்சுக்கிட்டு, நீங்க எதை அமுக்குனாலும் கூடவே அந்த டோக்கனையும் காட்டும். டோக்கன் சரியா இருந்தா சர்வர், ‘ஓ, இவரா, வாங்க’ங்கும்.”

“எங்க சம்பந்தி மாதிரின்னு சொல்லுங்க. நேத்து ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவனை இன்னைக்கு யாருங்கிறாரு.”

“அதேதான் சார். அப்புறம், இருபது நிமிஷம் எதையும் அமுக்காம விட்டா டோக்கன் செத்துரும்.”

முதலாளி முகத்தைச் சுளித்தார். “சாகுற பேச்செல்லாம் ஆபீஸ்ல வேணாம்மா.”

“சரி சார். காலாவதியாயிரும். மறுபடி பேர், பாஸ்வேர்டு கொடுத்து புது டோக்கன் வாங்கணும்.”

“எதுக்கு அப்படி? ஒருவாட்டி குடுத்தா குடுத்ததா இருக்கட்டுமே.”

“பாதிப் பேர் பிரவுசிங் சென்டர்ல உக்காந்துதான் போடுவாங்க. ஒருத்தர் மறந்துபோய் அப்படியே எந்திரிச்சுப் போறாரு. அடுத்து அதே சேர்ல இன்னொரு ஏஜெண்ட் வந்து உக்காந்தா, முதல் ஆளோட ரேட்டு, கடை, எல்லாம் தெரியும்ல?”

முதலாளியின் முகம் மாறியது. ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் அவர் கொடுக்கும் விலை வேறு வேறு. அது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். “வேணாம் வேணாம். காலாவதியாகட்டும்” என்று உடனே சொல்லிவிட்டார்.

ஆடிப்பெருக்கு அன்று, நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தளத்தைத் திறந்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. போன் சும்மா கிடந்தது. திரையில் ஆர்டர் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அம்மா கட்டிக் கொடுத்த மதியச் சோற்றை முதல் முறையாகச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன்.

அதன் பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது.

“தங்கச்சி, உங்க கம்ப்யூட்டரு என் ஆர்டரை முழுங்கிருச்சு.”

“ஏம்மா, பதினாலு கடை மேட்டரு அடிச்சேன். அனுப்புற பட்டனை அமுக்குனா ‘பேரைச் சொல்லு, பாஸ்வேர்டைச் சொல்லு’ன்னு மொதல்லருந்து கேக்கு. குடுத்து உள்ள போனா ஒண்ணையும் காணோம்.”

முன்பாவது ஆர்டர் சொல்லத்தான் கூப்பிட்டார்கள். இப்போது முதலில் திட்டிவிட்டுப் பிறகு ஆர்டர் சொன்னார்கள். மதுரைப் பெண்ணிடம் சொன்னேன். டோக்கன் காலாவதியாகியிருக்கிறது, அடித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா விட்டார்களா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். “அதெல்லாம் இல்லைம்மா. அடிச்சேன். கொஞ்சம் கழிச்சு அனுப்புனேன்.” அவள் மதுரையிலிருந்து தானே ஒரு ஏஜெண்ட் மாதிரி உள்ளே போய் ஆர்டர் போட்டுப் பார்த்தாள். ஒழுங்காக வந்து சேர்ந்தது.

முதலாளி பொறுமை இழந்துவிட்டார். “விநாயகர் சதுர்த்தி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாகலைன்னா இதை இழுத்து மூடிட்டு, இன்னொரு போனு போட்டுருவோம். ரெண்டையும் நீங்களே பாத்துக்கிடுங்க” என்று என்னிடம் சொன்னார்.

ரெண்டு போன்! ஒரு காதுக்கு ஒன்று. அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மை வாசனையும், தாள் கட்டுகளின் நடுவே கிடைக்கும் நிழலும், சம்பள நாளில் அம்மாவுக்கு வாங்கிப் போகும் பக்கோடாவும் பிடித்திருந்தன. போன் மட்டும்தான் பிடிக்கவில்லை.

நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் மதுரைப் பெண். அதிகமாக ஆர்டர் தொலைத்தவர் காரியாபட்டி ஏஜெண்ட். அதிகமாகத் திட்டியவரும் அவர்தான். அவள் மதுரையிலிருந்து வருவதாகவும், நான் விருதுநகரிலிருந்து போவதாகவும் ஏற்பாடு. “அவரு ஏதாவது பேசுனா நம்ம பக்கத்துல நீங்கதான் பேசணும்” என்று முதலாளி சொல்லி அனுப்பினார். மல்லாங்கிணறு தாண்டும் வரை, அங்கே போய் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். காரியாபட்டியில் இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. அந்த ஏஜெண்ட் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். போனில் இடி மாதிரி இருக்கும் மனிதர், நேரில் ஒல்லியாக, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு இருந்தார். கல்லாவில் அவருடைய மனைவி.

“வாங்க வாங்க. சாப்பிட்டீகளா? இவுக ஒரு வாரமா உங்களைத்தான் வஞ்சுக்கிட்டு இருக்காக” என்று அந்த அம்மா சிரித்தார். “கல்யாணமான நாள்லருந்து எனக்கு ஒரு லெட்டர் எழுதுனதில்லை. இப்ப பொழுதன்னிக்கும் அந்தப் பொட்டி முன்னால உக்காந்து எழுத்து எழுத்தா அடிக்காக.”

“நீ சும்மா இரு. வந்தவுகளுக்குக் காபி போடு.”

கடைக்குப் பின்னால் ஒரு மேசையில், மூடிய துண்டை விலக்கி, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். நாங்கள் பக்கத்தில் நின்றோம். ஒற்றை விரலால் பெயரை அடித்தார். பிறகு பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். மதுரைப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணாச்சி, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது.”

“நான் யாருக்கும்மா சொன்னேன்? எனக்குல்ல சொல்லிக்கிடுதேன்.”

கல்லாவிலிருந்து அந்த அம்மா, “கடைசி எழுத்தை விட்டுட்டீக” என்றார்.

ஒரு வழியாக உள்ளே போனார். நகைக்கடை, அரிசிக்கடை, ரெண்டு டெய்லர் கடை என்று நிதானமாக, தப்பே இல்லாமல் அடித்தார். நடுவில் மருமகன் போன் செய்தார். அவருடன் பேசிவிட்டு வந்து மிச்சத்தை அடித்தார். முடித்ததும் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“முடிஞ்சது.”

“அனுப்புங்க அண்ணாச்சி” என்றாள் அவள்.

“அனுப்புவோம், அனுப்புவோம். காபி ஆறிரும், குடிங்க.”

குடித்தோம். அவர் எழுந்து போய் ஒரு ஆளுக்குப் பேனா எடுத்துக் கொடுத்தார். இன்னொருவருக்குக் கணக்கு நோட்டு கொடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். திரையில் எல்லா ஆர்டர்களும் தயாராக, அனுப்பும் பட்டனுக்காகக் காத்துக்கிடந்தன.

“அண்ணாச்சி, நேரம் ஆகுது. டோக்கன் காலாவதியாயிரும்.”

“என்னம்மா அவசரம்? பன்னெண்டு மணிக்கு மேல அனுப்பிக்கிடலாம்.”

“ஏன் பன்னெண்டு?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னைக்கு வெள்ளிக்கெளமைல்ல? ராகு காலம் நடக்கும்மா.”

அவள் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அங்கே எங்கள் கம்பெனியின் தினசரி காலண்டர்தான் தொங்கியது. வெள்ளிக்கிழமைத் தாளில் தேதிக்குக் கீழே, ‘ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை’ என்று நாங்களே அச்சடித்திருந்தோம்.

“அடிச்சது மட்டும் ராகு காலத்துல அடிச்சீங்களே?” என்றாள்.

“அடிச்சு வைக்கதுல ஒண்ணும் இல்லை. அனுப்புறதுதான ஆரம்பம்? அதை எப்படி ராகு காலத்துல செய்ய?” என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். “போன்ல சொல்லும்போதும் அப்படித்தான் செய்வேன். எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டு, நேரம் முடிஞ்சதும் தங்கச்சிக்குப் போன் போடுவேன்.”

“இதை ஏன் எங்ககிட்ட முன்னாடியே சொல்லலை?”

“இதுல சொல்லுறதுக்கு என்ன இருக்கு?”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “எங்கம்மா ராகு காலத்துல கேஸ் சிலிண்டர் சொல்லக்கூட போனைத் தொட மாட்டாங்க. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?”

எனக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்கும் வழக்கம் கிடையாது. ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. என் அக்கா வீட்டுக்காரரும் விருதுநகரில் கொஞ்சம் ஆர்டர் பிடிப்பார். “எங்க மச்சானும் போன வெள்ளிக்கிழமை அடிச்சு வச்சுட்டு ஜும்மாவுக்குப் போனாக. தொழுதுட்டு வந்து பாத்தா ஒண்ணையும் காணோம்னாக” என்றேன். சொன்ன பிறகுதான், கேட்காமலே பேசிவிட்டேன் என்று உறைத்தது.

பன்னிரண்டு மணி வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவது என்று அவள் தீர்மானித்தாள். மணி ஆனதும் அண்ணாச்சி விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பட்டனை அமுக்கினார். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுத் திரை நின்றது.

“பாத்தீகளா! நான் பொய்யா சொன்னேன்?” என்று துள்ளினார். ஆர்டர் போனதில் வருத்தமே இல்லை. நிரூபித்துவிட்ட மகிழ்ச்சி.

“அம்புட்டும் போச்சா?” என்றார் அந்த அம்மா. “அப்ப இன்னொரு காபி போடுதேன்.”

அவள் தன் செல்போனில் முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “ஊருக்கெல்லாம் ராகு காலம் அச்சடிச்சுக் குடுக்கோம். நம்ம மறந்துட்டோமேம்மா. சரி, டோக்கனை ஒண்ணரை மணி நேரமா ஆக்கிருங்க.”

அண்ணாச்சி எட்டி போனுக்குள் கத்தினார். “எமகண்டத்தை விட்டுட்டீகளே!”

“எமகண்டமா?” என்று மனைவி கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “அஷ்டமியும் நவமியும் வரட்டும், தெரியும். ரெண்டு நாளைக்கு இவுக ஒரு புதுக் காரியம் செய்ய மாட்டாக. பழைய காரியமும் செய்ய மாட்டாக.”

டோக்கனை இரண்டு நாள் உயிரோடு வைப்பது, கடையை இரண்டு நாள் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவதுபோல என்றாள் மதுரைப் பெண். முதலாளிக்கும் தன் விலை விவரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “டோக்கன் அதுபாட்டுக்கு காலாவதியாகட்டும். அதோட சேர்ந்து ஆர்டர் ஏன் போகணும்? அண்ணாச்சி ஒவ்வொரு கடையா அடிக்க அடிக்க, அவர் பேர்ல நம்ம சர்வர்லயே சேத்து வச்சிரலாம். பன்னெண்டு மணிக்கு வந்து பாஸ்வேர்டு கொடுத்து புது டோக்கன் வாங்குனா, வச்சது வச்ச இடத்துல இருக்கும். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.”

“வாய்விட்டுச் சொல்லாம கொடுக்கணும்” என்று சேர்த்துக்கொண்டாள்.

அவள் மதுரை போய் அதைச் செய்து முடிப்பதற்குள் சதுர்த்தி நெருங்கிவிட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு மிஞ்சியது. எல்லா ஏஜெண்டுகளுக்கும் அவளே போனில் புது ஏற்பாட்டைச் சொன்னாள். அன்று காலையிலிருந்து நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடித்து வைத்து அனுப்பாத ஆர்டர்கள் என் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் தெரியும்படி அவள் செய்திருந்தாள். பத்தரைக்கு மேல் மஞ்சள் வரிகள் கூடிக்கொண்டே போயின. காரியாபட்டி, மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, அந்தப் பக்கம் திருநெல்வேலி வரைக்கும். எத்தனை பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பன்னிரண்டு அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எல்லா வரியும் மஞ்சளாகவே இருந்தது. மேசையில் பழைய போனுக்குப் பக்கத்தில், புதுப் போனுக்கான ஒயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

“என்னம்மா, ஒருத்தரும் அனுப்பக் காணோம்?”

“தெரியலையே” என்றேன்.

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சரிதான். நானா இருந்தாலும் அஞ்சு நிமிஷம் தள்ளித்தான் அமுக்குவேன். எதுக்கு வம்பு?” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முதல் வரி பச்சையானது. அது காரியாபட்டி. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு நான்கைந்து ஒன்றாக. மழை பிடித்த மாதிரி திரை மேலிருந்து கீழ் வரை பச்சையாகிக்கொண்டே போனது. ஒன்றுகூடத் தொலையவில்லை. முதலாளி பக்கத்து அறையைப் பார்த்து, “அந்த ஒயரை எடுத்து உள்ள வைங்கப்பா” என்று சத்தம் கொடுத்தார். நான் மூச்சு விட்டேன்.

அப்போது போன் அடித்தது.

“தங்கச்சி, வந்துருச்சா?” காரியாபட்டி அண்ணாச்சி.

“வந்துருச்சு அண்ணாச்சி.”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

“சந்தோசம்” என்று வைத்துவிட்டார். மறுபடி மணி. திருநெல்வேலிக்காரர். “வந்துருச்சாம்மா?” அதை வைத்தால் அருப்புக்கோட்டை. ஆர்டர் கிடைத்தது என்று அவர்கள் திரையிலேயே எழுத்தில் காட்டும். இருந்தாலும் மனுஷர் ஒருவர் வாயால் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பட்ட பாடு அப்படி. எனக்கும் இந்தப் போன் கஷ்டமாக இல்லை. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதுவும் நல்ல வார்த்தை. சொல்லச் சொல்ல எனக்கே கேட்கும் அளவுக்குக் குரல் வந்துவிட்டது. கடைசியில் மணி அடித்ததும் எடுத்து, யார் என்றுகூடக் கேட்காமல், “வந்துருச்சு அண்ணாச்சி, அம்புட்டும் வந்துருச்சு” என்று நானே முந்திக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர் குரல் பயந்துபோய்க் கேட்டது. “எப்படிம்மா வந்துச்சு? நான் இன்னும் உள்ளயே போகலையே. பாஸ்வேர்டை மறந்துட்டுல்ல உங்களுக்குப் போன் போடுதேன்.”

ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்குப் புதுப் பாஸ்வேர்டு வாங்குவது எப்படி என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். “ம், ம்” என்று அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.